வங்கியில் நாற்பத்தைந்து நாட்கள்: ‘பயிற்சி’ என்ற பெயருக்குள் மறையும் உரிமைகள்

பட்டப்படிப்பில் இன்டர்ன்ஷிப் ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்ட காலம் இது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை எனினும், பயிற்சிக்கு மதிப்பெண் அளிக்கும் முறை இங்குள்ள பாடத்திட்டங்களிலும் இடம்பெற்றுவிட்டது. வணிகவியல் மாணவர்கள் பயிற்சிக்கென்று முதலில் நாடும் இடம் வங்கி. திசையன்விளை, இராதாபுரம், நாங்குநேரி வட்டாரங்களில் இருந்து கல்லூரிக்கு வரும் தலித் மாணவர்களுக்கு வங்கி இன்னும் ஒரு படி மேலானது. அவர்களுடைய பெற்றோர் வங்கியைப் பார்த்தது பெரும்பாலும் நகைக்கடன் வரிசையில் நின்றுதான். அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு மறுபுறம் தம் பிள்ளை உட்காரும் என்பதே அக்குடும்பங்களுக்கு ஒரு செய்தி.

பயிற்சி முடிந்து மாணவர் ‘ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, ஏமாற்றமாக இருந்தது’ என்று சொன்னால், அதைக் கல்லூரியும் வீடும் மனக்குறையாகவே எடுத்துக்கொள்கின்றன. ‘முதலில் எல்லாருக்கும் அப்படித்தான்’ என்பதோடு பேச்சு முடிகிறது. நெல்லை மாவட்டத்தில் சட்ட உதவிப் பணியில் இருக்கும் எங்களிடம் வந்த இத்தகைய குறைகளைச் சற்று நெருங்கிப் பார்த்தபோது, அவற்றில் கணிசமான பகுதி மனக்குறை அன்று, சட்டத்தின் எல்லைக்குள் வருவது என்று உணர்ந்தோம்.

திசையன்விளையை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த இறுதியாண்டு வணிகவியல் மாணவி ஒருவரின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம். வங்கியின் பெயரும் இங்கு வேண்டாம். கல்லூரி கொடுத்த பரிந்துரைக் கடிதத்துடன் நாற்பத்தைந்து நாள் பயிற்சிக்குச் சேர்ந்தார். முதல் இரண்டு வாரங்கள் நகலெடுப்பது, வவுச்சர்களை நாள்வாரியாக அடுக்குவது, எழுதத் தெரியாத முதியவர்களுக்குச் சலான் நிரப்பிக் கொடுப்பது. இவற்றை அவர் குறையாகச் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் ஓர் அலுவலர் அவருடைய ஊரையும் தெருவையும் விசாரித்தார். அதன்பின் பணி மாறியது. அவருடைய தெருவிலும் அதை ஒத்த பிற தெருக்களிலும் தவணை தவறிய மகளிர் குழுக்களிடம் வசூலுக்குச் செல்லுமாறு சொல்லப்பட்டது. ‘அவங்க உன் சொல்லக் கேப்பாங்க, நீ போயிட்டு வாம்மா’ என்பதுதான் அலுவலர் பயன்படுத்திய சொற்கள். வசவு இல்லை, சாதிப் பெயர் இல்லை. உடன் பயிற்சிக்கு வந்த வேறு இருவர் அதே வாரத்தில் கடன் விண்ணப்பங்களை எப்படிப் பரிசீலிப்பது என்று கற்றுக்கொண்டிருந்தனர்.

கடைசி வாரத்தில் இன்னொரு நிபந்தனை வந்தது. இத்தனை புதிய கணக்குகளும் இரண்டு ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளும் பிடித்துக் கொடுத்தால்தான் சான்றிதழ். மாணவியின் தாய் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு பாலிசிக்கு முதல் தவணை கட்டினார். மாணவிக்குச் சான்றிதழ் கிடைத்தது. வங்கித் தேர்வுக்கு வாங்கி வைத்திருந்த புத்தகங்களை அவர் தம்பி முறையுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

எந்தப் பயிற்சி?

இத்தகைய குறையுடன் வருவோரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘உன்னிடம் இருக்கும் காகிதம் எது?’ என்பதே. வங்கிகளில் இன்று ‘பயிற்சி’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு ஏற்பாடுகள் நடக்கின்றன. மூன்றுக்கும் உரிமைகள் வெவ்வேறு.

வலுவானது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் நடப்பது. அப்ரண்டிஸ் என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். இதற்கு எழுத்து வடிவில் ஒப்பந்தம் உண்டு, அது பதிவு செய்யப்பட வேண்டும், உதவித்தொகை உண்டு. 2024ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி 1,500 பழகுநர்களையும், கனரா வங்கி 3,000 பழகுநர்களையும் சேர்க்க அறிவிப்பு வெளியிட்டன. மாத உதவித்தொகை 12,000 முதல் 15,000 ரூபாய் வரை. அதில் 4,500 ரூபாய் அரசின் பங்கு.

அடுத்தது, 2024 ஜூலை மாத ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். பெரிய தனியார் வங்கிகளும் இதில் இடம்பெற்றுள்ளன. 21 முதல் 24 வயதுக்குட்பட்டோருக்கு ஓராண்டுப் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 4,500 அரசு தருவது, 500 நிறுவனம் தருவது. முதல் சுற்றில் சுமார் 82,000 அழைப்புகள் அனுப்பப்பட்டன. ஏற்றுக்கொண்டோர் 28,000 பேர். உண்மையில் சேர்ந்தவர்கள் 9,000 பேர்கூட இல்லை. இடம் தொலைவு, காலம் நீளம், பணி விருப்பத்துக்கு ஏற்றதன்று என்று காரணங்கள் சொல்லப்பட்டன. திசையன்விளையிலிருந்து சென்னைக்கோ ஓசூருக்கோ செல்லும் மாணவர் அந்த 5,000 ரூபாயில் விடுதி வாடகையையும் உணவையும் எப்படிச் சமாளிப்பார் என்று கணக்கிட்டால் மூன்றாவது காரணம்வரை போக வேண்டியதே இல்லை. வீட்டிலிருந்து பணம் வருபவர் மட்டுமே தாக்குப்பிடிக்கும் பயிற்சி அது.

மூன்றாவது, மாணவியின் கையில் இருந்தது: கல்லூரித் துறைத்தலைவரின் ஒரு பக்கக் கடிதம். வங்கியின் பக்கமிருந்து ஒரு வரியும் எழுத்தில் இல்லை. தென்மாவட்டக் கலைக்கல்லூரிகளில் இருந்து எங்களிடம் வந்தவர்களில் மிகப் பலர் இந்த வகையினரே. உதவித்தொகை இல்லை, ஒப்பந்தம் இல்லை, என்ன கற்பிக்கப்படும் என்ற பாடத்திட்டமும் இல்லை.

1973இல் வந்த ஒரு பிரிவு

தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்பது நம் இயக்கங்களின் நெடுநாள் கோரிக்கை. தனியார் துறையையும் கட்டுப்படுத்தும் ஓர் இடஒதுக்கீடு, வேலைக்கு அன்று, பயிற்சி இடங்களுக்கு, 1973ஆம் ஆண்டிலிருந்தே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம். தொழில் பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவு, குறிப்பிடப்பட்ட ஒவ்வொரு தொழிலிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ‘வேலையளிப்பவர்’ ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்தந்த மாநிலத்தில் இம்மக்களின் எண்ணிக்கையைக் கருத்தில் கொண்டு இடங்களின் அளவு விதிகளால் வகுக்கப்பட வேண்டும். அச்சட்டத்தில் ‘வேலையளிப்பவர்’ என்ற சொல்லுக்கு அரசு, தனியார் என்ற வேறுபாடு கிடையாது.

இத்துடன் 2019ஆம் ஆண்டின் விதித் திருத்தத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முப்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் தன் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களும் இந்த எண்ணிக்கையில் சேர்வர். ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் தனியார் வங்கிக்கு இது சிறிய எண்ணிக்கையாக இராது. அவற்றில் எத்தனை இடங்கள் நம் பிள்ளைகளுக்கு என்று கேட்பவர்தாம் இல்லை.

ஓட்டையும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் ‘விருப்பத் தொழில்’ என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. அதன் பாடத்திட்டத்தை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். 3ஏ பிரிவோ ‘குறிப்பிடப்பட்ட தொழில்’களைப் பற்றியே பேசுகிறது. பயிற்சியை எந்த வகையில் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒதுக்கீடு இருக்கும், அல்லது காணாமற்போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதில் தொழிலின் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு பழகுநரைத் தொழிலாளி அல்லர், பயிற்சியாளர் என்று வரையறுத்து, தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பிலிருந்து பெரிதும் வெளியே நிறுத்துகிறது. பயிற்சி முடிந்தால் வேலை என்ற உறுதியும் இல்லை. 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருப்பின் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது, அவ்வளவே. இதனிடையே வங்கிகளில் நிரந்தர எழுத்தர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் பழகுநர் அறிவிப்புகள் பெருகுகின்றன. 2025 மார்ச்சில் வங்கித் தொழிற்சங்கங்களின் ஐக்கியப் பேரவை விடுத்த வேலைநிறுத்த அறிவிப்பிலும், அனைத்து நிலைகளிலும் போதிய பணியாளர்களை நியமிக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கையாக இருந்தது. சங்கங்களுக்கு அது பணிச்சுமைப் பிரச்சினை. நமக்கோ, இடஒதுக்கீட்டுடன் வரும் நிரந்தரப் பணியிடம் குறைந்து, ஓராண்டில் முடியும் பயிற்சி இடம் அதன் நாற்காலியில் அமர்வது பற்றிய பிரச்சினை.

எது குறை, எது குற்றம்

வங்கி தரப்பில் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களைக் காப்பது வங்கியின் சட்டக் கடமை. ஆகவே பயிற்சி மாணவருக்குக் கணினியில் கணக்குகளைத் திறந்து பார்க்கும் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. சில கிளைகளில் வேலைப்பளு காரணமாக அலுவலர் தம் கடவுச்சொல்லைச் சொல்லி ‘நீயே போட்டுவிடு’ என்கிறார்கள். இதை மாணவர்கள் நம்பிக்கையின் அடையாளமாக எடுத்துக்கொண்டு மகிழ்கிறார்கள். நாளை அக்கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விசாரணை முதலில் யார் பக்கம் திரும்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பணிவாக மறுத்துவிடுங்கள்.

காப்பீட்டுப் பாலிசி பிடித்துவரச் சொல்வது வேறு வகை. வங்கி காப்பீட்டு நிறுவனத்தின் பெருநிறுவன முகவராகச் செயல்படும்போது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, அதற்கென்று பயிற்சியும் சான்றும் பெற்ற குறிப்பிட்ட நபர்கள்தாம் பாலிசியை விற்க முடியும். நாற்பத்தைந்து நாள் வந்துபோகும் மாணவருக்கு அந்தச் சான்று இராது. கடன் வசூலும் அப்படியே: வசூல் முகவர்களுக்குரிய பயிற்சியையும் நடத்தை நெறிகளையும் ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது. இவ்விரண்டு பணிகளையும் மாணவர் மறுத்தால் அது ஒழுங்கீனம் ஆகாது. ஏவுபவர்தாம் விதியை மீறுகிறார்.

தொழில் பழகுநராக இருப்பவருக்கு இன்னும் நேரடியான பிடி உண்டு. பயிற்சிக்குத் தொடர்பில்லாத பணியில் பழகுநரை ஈடுபடுத்துவதும், ஊக்கத்தொகைத் திட்டங்களில் பங்கேற்கச் செய்வதும், அனுமதியின்றி மிகைநேரம் வேலை வாங்குவதும் சட்டத்தின் 30ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியவை. முன்பு சிறைத் தண்டனைக்கும் இடமிருந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஒவ்வொரு முறைக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று ஆக்கியது. (ஒரு வங்கிக்கு ஆயிரம் ரூபாய்! வாடிக்கையாளர் குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு வங்கி பிடிக்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.)

இலக்கு நெருக்கடி பயிற்சியாளரிடம் தொடங்குவதன்று என்பதும் உண்மை. 2023 ஜூனில், எச்.டி.எஃப்.சி. வங்கியின் கொல்கத்தா அலுவலர் ஒருவர் இணையவழிக் கூட்டத்தில் இலக்கை எட்டாத ஊழியர்களை நோக்கிக் கத்திய காணொளி பரவியது. வங்கி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. 2013இல் லண்டனில் பேங்க் ஆஃப் அமெரிக்கா மெரில் லிஞ்சில் கோடைக்காலப் பயிற்சியில் இருந்த 21 வயது ஜெர்மானிய மாணவர் இறந்துகிடந்தபோது, பயிற்சியாளர்களின் வேலை நேரம் உலகெங்கும் விவாதத்துக்கு வந்தது. மேலிருந்து இறங்கும் அழுத்தம் கடைசிப் படியில் நிற்பவர்மீது வந்து அமர்கிறது. அந்தக் கடைசிப் படியில் யாரை நிறுத்துவது என்று முடிவுசெய்யும் இடத்தில், நம் மாவட்டத்தில், தெருவின் பெயர் வேலை செய்கிறது. முகவரியில் இருக்கும் ‘காலனி’ என்ற சொல் இழிவின் குறியீடாகிவிட்டது என்று கூறி, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து போகலாம். கிளைக்குள் ‘எந்தத் தெரு?’ என்ற கேள்வி போய்விடவில்லை.

கனிவான சொல்லில் வரும் சாதி

சட்டம் தடுமாறும் இடம் இதுவே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதையும் குற்றமாக்குகின்றன. 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில், கட்டடத்துக்கு வெளியே, வாயிலருகே நடந்ததும் பொதுப்பார்வையில் நடந்ததே என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில், நம் மாநிலத்தின் இலால்குடி வட்டாரத்திலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கில், அலுவலக அறையின் நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது நடந்தது அவ்வகையில் வராது என்று கூறி வழக்கை ரத்து செய்தது. இதை வங்கிக் கிளைக்குப் பொருத்தினால், வாடிக்கையாளர்கள் நிற்கும் கூடத்தில் சொல்லப்பட்ட சாதி வசவு ஒரு குற்றம். அதே வசவு கதவு சாத்திய மேலாளர் அறையில் சொல்லப்பட்டால் நிரூபிப்பது மிகக் கடினம்.

‘நீ போயிட்டு வாம்மா’ என்பது இரண்டிலும் வராது. அதில் அவமதிக்கும் சொல் இல்லை. பிரித்து நிறுத்தும் செயல் இருக்கிறது. எந்தவொரு தொழிலையும் வேலையையும் மேற்கொள்ளவிடாமல் தடுப்பதைப் பற்றிப் பேசும் 3(1)(இசட்ஏ) பிரிவின் ‘இ’ உட்கூறு இதற்குப் பொருந்தும் என்று வாதிடலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் பயிற்சியை ‘வேலை’ என்று நீதிமன்றம் ஏற்குமா என்ற தடையை முதலில் தாண்ட வேண்டும். மாணவியின் விஷயத்தில் வழக்குத் தொடுக்குமாறு நாங்கள் பரிந்துரைக்கவில்லை, அவரும் விரும்பவில்லை. அதே மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நன்றாகப் படித்த தலித் பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதை மறக்காத குடும்பங்கள் இவை. புகார் கொடுத்தால் அதன்பின் ஊரில் வாழ வேண்டுமே என்ற கணக்கை வெளியிலிருந்து கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

நிதித்துறைப் பயிற்சியில் ஒரு தலித் பட்டதாரி அடைந்த ஏமாற்றத்துக்கு நம் வரலாற்றில் பெரிய முன்னுதாரணம் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், தம் படிப்புக்கு உதவிய பரோடா சமஸ்தானத்தின் பணியில் 1917இல் சேர்ந்தார். பிற்காலத்தில் அவரை நிதிப் பொறுப்புக்குக் கொண்டுவருவது மன்னரின் எண்ணம். அலுவலகக் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்து அவர் மேசைமீது எறிந்தனர். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியேந்தியவர்கள் வெளியேற்றினர். ஊரைவிட்டே திரும்ப வேண்டியதாயிற்று. பின்னர் பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றனர். 1923இல் ‘ரூபாயின் பிரச்சினை’ நூலை வெளியிட்டவருக்கும், பணம் புழங்கும் அறைக்குள் நிற்க இடம் கிடைக்காத காலம் இருந்தது.

வங்கியும் சாதியும் இந்நிலத்தில் வேறு விதத்திலும் பிணைந்தவை. நாடார் சமூகத்தினர் 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. வணிகச் சமூகங்கள் பல தமக்கென்று கடன் வழிகளையும் கணக்கறிவையும் தம் முயற்சியால் உருவாக்கிக்கொண்டன, அது போற்றத்தக்கதே. அந்த வீடுகளின் பிள்ளைகள் கல்லாவின் அருகே இருந்து வட்டிக் கணக்கைக் கற்கிறார்கள். மாமன், சித்தப்பன் வழியாக நல்ல கிளையில் பயிற்சியும் கிடைக்கிறது. நிலமும் கடையும் இல்லாத தலித் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த நாற்பத்தைந்து நாட்களே கல்லா, அவையே மாமன். அவை வீணாகும்போது மற்றவர் இழப்பதைவிட அவர் இழப்பது பெரிது.

எங்கே முறையிடுவது

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மேன்) விண்ணப்பிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது வாடிக்கையாளருக்கான அமைப்பு. வங்கிக்கும் அதில் பணிபுரிவோருக்கும் இடையிலான தகராறுகளை அது எடுத்துக்கொள்ளாது. ஆனால் மாணவியின் தாய் ஒரு வாடிக்கையாளர். சான்றிதழுக்காகத் தம்மீது பாலிசி திணிக்கப்பட்டது என்று அவர் முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு, தீர்வு கிடைக்காவிடில் மேலே செல்ல முடியும். பாலிசி ஆவணம் கிடைத்ததிலிருந்து ‘ஃப்ரீ லுக்’ எனப்படும் குறிப்பிட்ட நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. எங்களிடம் அவர் வந்தபோது அக்காலம் கடந்திருந்தது.

பதிவுபெற்ற பழகுநருக்கும் வங்கிக்கும் இடையில் ஒப்பந்தம் பற்றித் தகராறு எழுந்தால், 20ஆம் பிரிவின்படி தொழில் பழகுநர் ஆலோசகர் தீர்க்க வேண்டும். பட்டதாரிப் பழகுநர்களின் பயிற்சியை மேற்பார்வையிடும் தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பாலியல் தொல்லையைப் பொறுத்தவரை எந்த வகைப் பயிற்சி என்ற பாகுபாடே இல்லை: 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளரையும் பழகுநரையும் ஊதியம் பெறாதவரையும் ‘பணியாளர்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. கல்லூரிக் கடிதம் மட்டும் வைத்திருக்கும் மாணவியும் வங்கியின் உள்ளகப் புகார்க் குழுவை அணுகலாம்.

பொதுத்துறை வங்கிகளில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான தொடர்பு அலுவலர் ஒருவர் இருப்பார். பழகுநர் சேர்க்கையில் ஒதுக்கீடு பின்பற்றப்பட்டதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். தனியார் வங்கிகள் அச்சட்டத்துக்குள் வருவதில்லை. எனினும் அவை பழகுநர் சட்டத்தின்கீழ் அரசு அமைப்புகளிடம் அளித்த விவரங்களை அந்த அரசு அமைப்புகளிடமே கேட்க முடியும். 3ஏ பிரிவின் நிலையை நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களுக்கு இவ்வாறு கேட்டுப் பெறும் பணியில் எங்களுடன் சேர விரும்பும் மாணவர் அமைப்புகளை வரவேற்கிறோம்.

இவ்வாண்டு பயிற்சிக்குச் செல்லவிருப்போர் கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்திலேயே மூன்று வரிகளைச் சேர்க்குமாறு துறைத்தலைவரிடம் கேளுங்கள்: மாணவர் எந்தெந்தப் பிரிவுகளில் பயிற்சி பெற வேண்டும் என்பது, விற்பனை, வசூல் பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்பது, சான்றிதழுக்கு வருகைப்பதிவைத் தவிர வேறு நிபந்தனை விதிக்கலாகாது என்பது. வங்கி முத்திரையுடன் அதன் நகலைத் திரும்பப் பெறுங்கள். நாள்தோறும் யார், என்ன பணி கொடுத்தார் என்று தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி, வாரம் ஒருமுறை கல்லூரி வழிகாட்டி ஆசிரியரிடம் கையொப்பம் வாங்குங்கள். சான்றிதழை வங்கி நிறுத்திவைத்தால், அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு மதிப்பெண் வழங்குமாறு முதல்வரிடம் எழுத்தில் கோரலாம்; மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்திலேயே பெற்றுக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.